இஸ்மாயில் பாயின் வாயில் வேறொருவர் குரல்

இஸ்மாயில் பாய் காலமாகிவிட்டார் என்று போனில் சொன்ன குரலை நான் உடனே நம்பவில்லை. "யார் பேசுறது?" என்று மறுபடியும் கேட்டேன். அவருடைய மூத்த மகன்தான். பாயோடு பழகிய எங்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதையும் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் குமாஸ்தாக்கள். ஆண்டு விழா நாடகங்களில் அவருக்கு எப்போதும் டாக்டர் அல்லது தலைமையாசிரியர் வேடம். அப்படியொரு திருத்தமான உச்சரிப்பு. எனக்கு வட்டிக்கடை சேட் வேடம். "நம்பள்கி, நிம்பள்கி" என்று ஆரம்பித்தாலே கூட்டம் சிரிக்கும்.

ஒரு விழாவுக்கு வந்திருந்த சென்னைத் தயாரிப்பாளர், தான் எடுக்கும் டி.வி. நகைச்சுவைத் தொடருக்குப் பாயைக் கூப்பிட்டார். கொடுத்தது பிரியாணிக் கடைக்காரர் வேடம். வசனத்தாள் முழுக்க "நம்பள் சொல்றான், நிம்பள் கேக்கறான்". "இப்படிப் பேசுற பாய் ஒருத்தரைக் காட்டுங்க சார், பக்கத்துல உக்காந்து கத்துக்கறேன்" என்றாராம் இவர். பிறகு கேமரா முன்னால் தன் வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசிவிட்டு ஊர் திரும்பினார். "யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் சந்தேகமா கீது" என்றார் என்னிடம்.

ஒளிபரப்பான அன்று அவர் வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. திரையில் பாயின் முகம் வந்தது. வாய் அசைந்தது. அதிலிருந்து வேறு யாரோ, "அரே, நம்பள் பிரியாணி நிம்பள் துன்றான்" என்று பேசினார்கள். கூடம் அதிரச் சிரித்தது. அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். பாய் டி.வி.யைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் மடக்கினார்.

"போன மாசம் மெட்ராஸ் போனியே, இன்னா வேலை?"

"தங்கச்சி வீட்டுக்கு, பாய். சத்தியமா."

"குரல் குடுக்கிறவன் சத்தியமும் குடுப்பான்."

அதோடு பேச்சு நின்றது. தெருப் பிள்ளைகள் அவர் மகளை "நிம்பள் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் நாடகக் குழுவில் ஒவ்வொருவரையும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டேன்.

சில மாதங்கள் கழித்து பாய் சென்னைக்குப் போனார். ஒலிப்பதிவுக் கூடங்களில் விசாரித்து, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார். திரும்பியதும் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"வயசானவருப்பா. பேரு காதர் மொய்தீன். வாணியம்பாடி பக்கம். என்னைவிட நல்ல தமிழு. ஏன் இப்படிப் பேசுறீங்கன்னு கேட்டேன். இந்த ஒண்ணுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க தம்பின்னாரு."

சண்டை போடப் போனவர் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "உன் மேல சந்தேகம் பூட்ச்சு. உன் சேட்டு மேலதான் இன்னும் கீது. நம்ம கடைத்தெருவுல இருக்காரே நகைக்கடை சேட்டு, அவரு அப்படிப் பேசி நீ கேட்டிருக்கியா?" என்றார்.

யோசித்தேன். கேட்டதில்லை.

அந்த வருட விழாவில் என் சேட் பாத்திரத்தை எல்லோரையும்போலப் பேச வைத்தேன். மற்ற வசனம் ஒன்றையும் மாற்றவில்லை. முதல் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரை சிரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது பாய் தோளில் கை வைத்தார்.

"பேஜாராவாத. இத்தினி வருஷமா எதுக்குச் சிரிச்சாங்கன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சந்தேகம்தான். கூட்டம் சிரிக்கும்போது நான் ஒரு கணம் பின்தங்கிச் சுற்றிலும் பார்க்கிறேன். சிரிக்காத முகம் ஒன்று தென்பட்டால், போய் அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.