நான் யாரையும் திட்டாத ஆறு மாதம்

பந்தல்குடி ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் வாய் அந்த ரோட்டில் ஓடும் லாரிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். கடைக்கு முன்னால் லாரியைக் குறுக்கே போட்டால், பஸ்ஸில் வருகிறவர்கள் கண்ணுக்குக் கடையே தெரியாது. திட்டாமல் என்ன செய்வது? நான் போடுகிற சத்தம் எதிர்ச்சாரி பஞ்சர் கடை தாண்டியும் கேட்கும்.

அப்படிப்பட்ட நான் ஆறு மாதம் யாரையும் திட்டவில்லை. திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். முடியவில்லை, அவ்வளவுதான்.

நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறவள், ஆறு மணி தாண்டியும் பாயில் கிடந்தேன். எழுந்தால் காலில் கல்லைக் கட்டியது போல இருந்தது. முடி கொட்டியது, போர்த் தண்ணீர் உப்பு, அதனால்தான் என்றேன். குரல் கரகரத்தது, கத்திக் கத்தி வந்தது என்றேன். தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. அடுப்புச் சூடு என்றேன். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போனது. வடை தின்றதால் என்றேன். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தேன். சேர்த்து வைத்துப் பார்க்கிற புத்தி மட்டும் இல்லை.

முகம் உப்பியது. "கடை நல்லா ஓடுது போல, சதை போட்டுட்ட" என்றார்கள். எங்கள் பக்கத்தில் இளைத்தால்தான் விசாரிப்பார்கள். ஊதினால் வாழ்த்துவார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஏச்சு வாங்கியவர் அவர். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, பரளச்சிப் பக்கமுள்ள எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டக் கிளம்பினார். அங்கே போய்த்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"என்னன்னு நேந்துக்கிட்டீக?"

"உன் கோவம் கொறையணும்னுதான். சாமி கண்ணத் தொறந்துருச்சு பாத்தியா!"

வேறு நாளாக இருந்தால் கிடாவை அவிழ்த்துவிட்டு அவரைக் கட்டிப்போட்டிருப்பேன். அன்றைக்கு "சரி" என்று சொன்னேன். இரண்டு துண்டு கறி தின்றேன். வேப்பமரத்தடியில் தூங்கிப்போனேன். சாயங்காலம் எழுப்பித்தான் வேனில் ஏற்றினார்கள்.

அவர் சந்தோஷமும் ரொம்ப நாள் ஓடவில்லை. நான் டீயில் ஒருத்தருக்குச் சர்க்கரை போட மறந்தேன், இன்னொருத்தருக்கு இரண்டு தடவை போட்டேன். கடை திறப்பதற்குள் காலைக் கூட்டம் போய்விடும். ஒருநாள் அவர் சொன்னார்: "உன்னால ஏலல. ஆவணி பொறந்ததும் கடைய என் தங்கச்சி மாப்பிள்ளைட்ட விட்டுருவோம். நீ வீட்ல இரு."

பதினோரு வருஷம் நான் நின்ற இடம் அது. கூரைத் தகரத்திலிருந்து பெஞ்சு வரை நான் வாங்கிப் போட்டது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு கொண்டுவரும் டிரைவர் ஒருவர் உண்டு. சில மாதம் வேறு ரூட்டில் ஓடிவிட்டு, அந்தக் கத்திரி வெயிலில்தான் திரும்ப வந்தார். வேண்டுமென்றே லாரியைக் கடைக்கு நேர் குறுக்கே போட்டு, இறங்கி, சிரித்துக்கொண்டே நின்றார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா, என்ன இது, இந்த வெயில்ல ஸ்வெட்டரு?"

"குளுருது தம்பி."

"குளுருதா? எனக்கு ஸ்டேரிங்கத் தொட முடியல. வண்டியக் குறுக்க போட்டுருக்கேன், ஒரு வார்த்த ஏசலயே?"

"நிக்கட்டும், விடு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். "மூஞ்சி வீங்கிக் கெடக்கு. குரலு தகரத்தத் தேச்சாப்புல இருக்கு. முடி கொட்டுதா? எந்நேரமும் தூக்கமா? என் வீட்டுக்காரிக்கும் இதேதான்க்கா. மந்திரிச்சுக் கயிறெல்லாம் கட்டினோம். கடைசில பாத்தா தைராய்டு. ரத்தம் குடுத்துப் பாருங்க."

"உப்பு லோடு அடிக்கிறவன் எனக்கு வைத்தியம் சொல்றியாக்கும்?"

"ஆ! இப்பத்தான் பழைய அக்கா கொஞ்சம் தெரியுது."

தினமும் பார்க்கிற வீட்டுக்காரருக்குத் தெரியாதது, எப்போதாவது வருகிறவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது என்றார். நாடித்துடிப்புகூடக் குறைந்திருந்ததாம்.

"தெனமும் காலையில வெறும் வயித்துல, வெறும் தண்ணியில ஒரு மாத்திரை. அப்புறம் ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது."

"நான் டீக்கடை வச்சிருக்கேன்ம்மா."

"விக்கலாம். குடிக்கத்தான் கூடாது."

மாத்திரை மந்திரமில்லை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வயிறு சரியானது. பிறகு ஸ்வெட்டர் கழன்றது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். நாலு மணிக்கு எழ ஆரம்பித்தேன். அதையெல்லாம் வீட்டுக்காரர் கவனித்தாரோ என்னவோ, தங்கச்சி மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மட்டும் மறக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் அந்த மாப்பிள்ளை டேப்போடு வந்து கடையை அளந்தார். "இந்த அடுப்ப அங்கிட்டுத் தள்ளிட்டா பரோட்டாக் கல்லு போட்டுரலாம் மச்சான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். எனக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. ஆறு மாதமாக வராதது. யாரிடம் முதலில் காட்டுவது என்று பார்ப்பதற்குள், உப்பு லாரி வந்து குறுக்கே நின்றது.

"ஏலே! ஒங்கப்பன் ரோடா இது? எட்றா வண்டிய! இந்தா, அடுப்ப யாரக் கேட்டுய்யா அளக்குற? கைய எடு! யோவ், நீரு என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீரு?"

பஞ்சர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். உப்பு டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். வீட்டுக்காரர் தலையில் கை வைத்தபடி, "கிடா வீணாப்போச்சே" என்றார்.

மாப்பிள்ளை போன வேகத்தில் டேப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. கேட்டு வரவில்லை.