பிளம்பரை உட்கார வைத்த கதை

குன்னூரில் ஒரு லாட்ஜ் கட்டும் இடத்தில் எனக்கு 'பிம்' வேலை. தூண், குழாய், ஒயர் என்று எல்லாவற்றையும் வைத்து முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டருக்குள் முதலில் கட்டிவிட வேண்டும். எது எதில் முட்டுகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். ஓனருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "வியாழக்கிழமை கான்கிரீட்டுங்க. அதுக்குள்ள இதுல ஒரு பிரயோசனம் காட்டுங்க. இல்லீன்னா பொட்டியத் தூக்கிட்டுக் கோயமுத்தூருக்கே கெளம்பிருங்க" என்றார்.

முட்டல் ஒன்று கையில் இருந்தது. மாடிக் கழிப்பறைக் குழாய் வெளிச்சுவருக்குப் போகிற வழியில் ஒரு பீம் மறித்தது. ஆனால் பிளம்பர் திரையைப் பார்த்தால்தானே! மாடித் தளத்தில் குழாய் இறங்கும் ஓட்டை வர வேண்டிய இடத்தில் வாழைத்தண்டு வெட்டி ஏற்கெனவே நட்டுவிட்டார். கான்கிரீட் இறுகிய பிறகு தண்டைத் தட்டி எடுத்தால் ஓட்டை தயார். "நான் நட்டா நட்டதுதானுங்க அம்மணி. பொம்மை பாக்கறதுக்கெல்லாம் நேரமில்லீங்க" என்று போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்மையா? இரு, காட்டுகிறேன்.

மறுநாள் காலை டீ வேளையில் லேப்டாப்பைச் சிமெண்ட் மூட்டை மேல் வைத்துத் திறந்தேன். திரையில் கீழ்த்தளக் கழிப்பறை. உள்ளே, ராத்திரி நான் செய்து வைத்த பொம்மையாக, தன் சிவப்புக் குரங்குக் குல்லாயும் மீசையுமாகப் பிளம்பரே உட்கார்ந்திருந்தார். கம்பி கட்டுகிறவர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். ஓனரும்தான்.

"என்னையவா!" என்று பாய்ந்து வந்தவர், திரையில் தன் தலைக்கு மேலே பார்த்தார். குழாய் பீமைக் குத்திக்கொண்டு நின்றது. "அடக் கெரகமே!" டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். வாழைத்தண்டு பீமுக்கு அந்தப் பக்கம் இடம் மாறியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறங்கி வந்தவர் வேலைக்குப் போகவில்லை. திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

சாத்தினேன். கதவு அவருடைய முழங்காலுக்குள் புகுந்து நின்றது.

குழாயும் பீமும் முட்டுகிறதா என்று மட்டும்தான் கம்ப்யூட்டரைத் தேடச் சொல்லியிருந்தேன். உட்காருகிற மனிதரை யார் நினைத்தார்கள்? எல்லா அறைக்கும் இதே கதவு. ஓனர் என்னைப் பார்த்தார். போச்சு, கோயமுத்தூர் பஸ்தான் என்று நினைத்தேன்.

"அம்மணி இருக்கட்டுங்க," என்று பிளம்பர் ஓனரிடம் சொன்னார். "கதவு வெளிய தொறக்கற மாதிரி இப்பவே மாத்திக்கலாம். கட்டினதுக்கப்புறம்னா ஒடைக்கோணுமில்லீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அடுத்த தடவை என்னைய உக்கார வெச்சா, மொதல்ல கதவைச் சாத்திருங்க. ஊரையே கூட்டில்ல காட்டிட்டீங்க!"