உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க

1970 அக்டோபரில், கனடாவில் பிரிவினைவாதிகள் ஆள் கடத்தியதையொட்டி, மொன்றியல் தெருக்களில் ராணுவம் இறங்கியது. நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் குடியிருந்தார். அவருக்குக் காவல். சிப்பாய்கள் தங்க எங்கள் கார் ஷெட்டைக் கேட்டு ஓர் அதிகாரி வாசலில் வந்து நின்றார்.

வாசலுக்கு வந்தவரிடம் நம் ஊரில் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "தாராளமா. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க." ஆங்கிலத்தில்தான், அதுவும் வழிந்து வழிந்து. எட்டு மாத வயிற்றோடு இருந்த என் மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு ஏதோ எழுதி நீட்டினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் என்றார்கள், மூன்று வாரம் ஆயிற்று. என் காரோ ஷெட்டுக்குள், உள்கோடியில் மாட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் கட்டில்கள், பெட்டிகள், வழியை அடைத்துக்கொண்டு ஒரு ராணுவ லாரி. "பிரசவ நேரம், காரையாவது விடுங்கள்," என்று கேட்டேன். அதிகாரி அந்தக் காகிதத்தைக் காட்டினார். நான் சொன்ன வாக்கியம் அப்படியே இருந்தது, அடியில் என் கையெழுத்து. நீங்களாக மனமுவந்து கொடுத்த இடம், இனி மேலிடத்து முடிவு என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டை போட்டிருப்பேன். ஆனால் வாரன்ட் இல்லாமலே ஆளைப் பிடித்துப் போகலாம் என்ற சட்டம் அப்போது அமலில் இருந்தது. எனக்கோ அதுவரை குடியுரிமை கிடைத்திருக்கவில்லை. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றாள் மனைவி. இருந்தேன். சொந்த வீட்டில் ஜன்னல் திரையை விலக்கக்கூடப் பயமாக இருந்தது.

பனி கொட்டிய ஒரு மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. ஷெட்டுக்கு ஓடினேன். அன்றுதான் காவலுக்கு வந்திருந்த சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான்.

"நீங்க யாரு? இங்கே என்ன வேலை?"

"இது என் வீடு."

அத்தாட்சி கேட்டான். திரும்பி ஓடி டாக்ஸிக்குப் போன் செய்தேன்; அது வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மகள் டாக்ஸியிலேயே பிறந்தாள்.

ஜனவரியில் காலி செய்தார்கள். ஷெட் சாவியைத் திருப்பித் தர அதே அதிகாரி வந்தார். குழந்தையைத் தோளில் போட்டிருந்த மனைவி பழக்கதோஷத்தில், "உள்ளே வாங்க, காபி..." என்று தொடங்கிவிட்டாள்.

நான் சாவியை வாங்கிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். வாசலுக்கு வந்தவரை அப்படி அனுப்பியது என் வாழ்நாளில் அது ஒருமுறைதான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாழ்ப்பாளையும் போட்டேன்.