அந்தப் பதிவு பொய் என்று நான் எழுதியது

எங்கள் இணையக் குழுவில் யார் வேண்டுமானாலும் பெயரை மறைத்துப் பதிவு போடலாம். போட்டது யார் என்று உறுப்பினர்களுக்குத் தெரியாது. குழுவை நடத்திய எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கான குழு அது. எங்கே ஆள் எடுக்கிறார்கள், கம்பெனி பஸ் இன்றைக்கு ஏன் வரவில்லை, பி.எஃப். எடுக்க எந்த ஃபாரம் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு.

இன்னொரு நிர்வாகி மேல்விஷாரத்து அண்ணன். தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான். உறுப்பினர்களிடம் அவர் பேசுவது சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி இருக்கும். 'விதிமீறல். பதிவு நீக்கப்பட்டது. நன்றி.' அவ்வளவுதான்.

"மனுஷங்ககிட்ட பேசற மாதிரி பேசுங்கண்ணா," என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்டி பேசினா சண்டைக்கும் வருவாங்க, சொந்தம் கொண்டாடவும் வருவாங்க. ரெண்டும் பேஜாரும்மா."

நான் கேட்கவில்லை. ஒரு கம்பெனி அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதம் அடிக்கிற வேலை எனக்கு. நடுநடுவே குழுவுக்குள் நுழைந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவேன். திட்டினவர்களுக்குக்கூட ஒரு கேலி, ஒரு சமாதானம். 'அட்மின் சார் நம்ம ஆளு' என்று எழுதினார்கள். நான் பெண் என்று அவர்களுக்குத் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

போன வருஷம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெயர் மறைத்த பதிவு ஒன்று வந்தது. கம்பெனி பெயர் போட்டு, தையல் லைன் என்றும் போட்டிருந்தது. நாற்பது பெண்களுக்குப் பாத்ரூம் போக இரண்டே டோக்கன்; அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். மாதவிலக்கு நாளில் மூன்றாவது முறை எழுந்தபோது, 'உனக்கு மட்டும் இன்னாம்மா இவ்ளோ ஜாஸ்தி' என்று சூப்பர்வைசர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாராம். மானம் போயிற்று என்று பதிவை முடித்திருந்தார் எழுதியவர்.

கீழே பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'எங்க லைன்லயும் இதே கதைதான்.' 'எங்களுக்கு ஒரு டோக்கன்தான்க்கா.' கூடவே ஆண்கள் சிலரும் வந்தார்கள். 'ஃபேக் ஐடி.' 'கம்பெனி பேரக் கெடுக்க எவனோ காசு குடுத்துப் போட வெச்சிருக்கான்.'

போட்டது யார் என்று பார்த்தேன்; பஸ் பற்றி முன்பு தன் பெயரிலேயே அடிக்கடி எழுதியிருந்த அக்கா. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு நிமிஷம்கூட யோசிக்காமல் நிர்வாகியாகவே எழுதினேன்: 'இது பொய்ப் பதிவு இல்லை. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடி சோறாக்கி வெச்சிட்டு ஒடுகத்தூர்ல பஸ் ஏறி வர்ற அக்கா. அவங்கள நம்புங்க.'

லைக் குவிந்தது. பேரைச் சொல்லாமல் பேசிவிட்டேன் என்று பெருமை வேறு.

கால் மணி நேரம் கழித்து ஒருவர் எழுதினார்: 'ஒடுகத்தூர் பஸ்ல தையல் லேடீஸ் ரெண்டே பேரு. ஒருத்தங்க பிரசவ லீவு.'

அதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை.

ஷூ கம்பெனிகளில் யாரையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. பேரணாம்பட்டு பஸ் அக்கா, குடியாத்தம் பஸ் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே பஸ்தான் முகவரி. நானும் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது அது எப்படி மறந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. பதிலை அழித்தேன். அதற்குள் எத்தனை போனில் படம் பிடித்திருந்தார்களோ.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. "அந்தம்மாக்கு பேசு மொதல்ல," என்றார்.

அந்த அக்கா எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"அட்மின் சார் இருக்காருங்களா?"

"நான்தாங்க்கா அது."

"பொண்ணாம்மா நீ?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதற்கு அவர் அடித்திருந்தால் தேவலை.

மெஷினில் உட்கார வைக்கவில்லையாம். காலையிலிருந்து எச்.ஆர். அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். தான் அந்தப் பதிவைப் போடவே இல்லை என்று அவர் சாதித்திருக்கிறார். "அட்மினே எழுதியிருக்காரே, அவரு பொய் சொல்வாரான்னு கேக்கறாங்கம்மா. அவரே தப்புன்னு போட்டா விட்டுடறோம், இல்லன்னா நாளைலருந்து வராதன்ட்டாங்க."

"நான் மன்னிப்பு கேட்டுப் போடறேன்க்கா. உங்க அனுமதி இல்லாம எழுதிட்டேன்னு..."

"நீ மன்னிப்பு கேட்டா அது நான்தான்னு ஆயிடும். வேணாம். அது பொய்யின்னு போடு."

"அக்கா, நடந்தது உண்மைதானே?"

"உண்மைதான். உண்மைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? பெரியவ நர்சிங் படிக்கிறா. போடும்மா."

அண்ணனிடம் கேட்டேன். "வேற வழி இல்ல. நீயே போடு. நான் போட்டா நம்ப மாட்டாங்க," என்றார். என் வார்த்தையை நம்புகிறார்கள் என்பதை அன்றைக்கு முதல்முறையாக வேறு மாதிரி கேட்டேன்.

எழுதினேன்: 'நேற்றைய தையல் லைன் பதிவை விசாரித்தோம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆள் போட்டது. தகவல் பொய். ஒடுகத்தூர் என்று நான் சொன்னதும் தவறு.' இரண்டு முறை படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். பிறகு குழுவில் போட்டேன்.

அடுத்த நாள் அவரை மெஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தார். நான் அந்தப் பழைய பதிவைத் திறந்தேன். 'அப்பவே சொன்னேன்ல' என்று ஆண்கள் எழுதியிருந்ததற்கு மேலே, 'எங்க லைன்லயும் இதே கதைதான்' இருந்த இடம் காலி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறைந்தது. டோக்கன் ஒன்றுதான் என்றவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொருவர். பத்தொன்பது பெண்கள் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஒன்றுகூட இல்லை.