வெளியூர்க்காரர்கள் எழுதும் நோட்டு

இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை. அந்த அறையின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். அதற்கு 'அத்தை ரூம்' என்று பெயர். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. நான் பிறந்த மறு வருடம் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள். இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்தபோதும் அங்கேதான் இருந்தாள்.

அவளுக்காகவே அப்பா அந்த அறையைக் கட்டினார். கட்டில், மெத்தை, கண்ணாடி வைத்த பீரோ எல்லாம் வாங்கிப் போட்டார். மெத்தைக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அத்தை வந்து அவள் கையால் பிரிக்கட்டும் என்று அப்பா உத்தரவு. நடுவில் ஒரே ஒரு முறை அவள் லீவில் வந்தபோது அறைக்கு ஜன்னல்கூட வைத்திருக்கவில்லை. ஆக, அத்தை ரூமில் அத்தை ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. சனிக்கிழமை தோறும் அப்பா கதவைத் திறந்து பெருக்கித் துடைத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார். எங்கள் வீட்டில் அவர் துடைப்பத்தைத் தொட்டது அந்த ஓர் அறைக்காக மட்டும்தான்.

நானோ ஹாலில், டிவி ஸ்டாண்டுக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மாடி ஜன்னலைத் திறந்தால் மின்சார ரயில் போவது முழுசாகத் தெரியும். எனக்கு அந்த ஜன்னல் வேண்டும், அந்தக் கண்ணாடி வேண்டும். அம்மாவை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் ஒரு நாள் அவள் சொன்னாள்: "அத்த வரமாட்டேன்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம் நீயே எடுத்துக்கோ. உங்கப்பாகிட்ட மட்டும் இப்போ கேட்டு வெக்காத."

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அத்தை எங்கள் மூவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அப்பாவுக்குத் தாம்பரம் ரயில் பணிமனையில் வேலை. லீவு சரியாக எட்டு நாள்தான் கிடைத்தது. தெருவே எங்களை வழியனுப்பியது. இங்கிலாந்தைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் போனது ஓர் அறைக்குத் தீர்ப்பு வாங்க.

அத்தை இருந்தது லண்டன் இல்லை. அங்கிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, சரித்திரப் புகழ் பெற்ற ஒரு கிராமம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை, பின்பக்கத்திலேயே ஜாகை. வந்த மறுநாளே ஊரைச் சுற்றிக் காட்டினாள். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், கீழே ஓடை, ஓடையில் வாத்துகள், அதற்கு மேல் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய கல் பாலம். பல வீடுகளுக்குக் கூரை. நிஜமான வைக்கோல் கூரை. நானூறு வருடப் பழசு என்று அத்தை சொல்ல, பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டம் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "இதப் பாக்கவா இத்தினி தூரம் வந்தோம்? நம்மூர்ல கூரையப் பிரிச்சிட்டுத் தளம் போட்டவன்தான் பெரிய ஆளு. இங்க இன்னாடான்னா கூரையப் போயி போட்டோ புடிச்சினுகிறான்!"

அத்தை ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இன்னொரு தபா சொல்லுண்ணே" என்றாள். அவ்வளவு வருடம் வெளிநாட்டில் இருந்தும் அவள் பேச்சு அப்படியே இரும்புலியூர்ப் பேச்சு. நானே அதற்குள் பள்ளிக்கூடத்தில் பாதி இங்கிலீஷ் கலக்க ஆரம்பித்திருந்தேன்.

அம்மாவின் கதை வேறு. மேட்டின் மேல் ஊரையே பார்த்தபடி ஒரு மர பெஞ்சு இருந்தது. புளிசாதப் பொட்டலத்தோடு அதில் உட்காரப் போனவள், சாய்மானத்தில் பதித்திருந்த பித்தளைத் தகட்டை என்னிடம் படிக்கச் சொன்னாள். இந்த இடத்தை மிகவும் நேசித்த இன்னாருடைய நினைவாக என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். செத்தவர் மேல் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறீர்களா என்று எழுந்துவிட்டாள். சமாதி இல்லை, வெறும் பெஞ்சுதான் என்று அத்தை எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஈரப் புல்லில் அத்தையின் சால்வையை விரித்து, அந்தப் பெஞ்சுக்கு மரியாதையாக ஓர் அடி தள்ளி உட்கார்ந்து நாங்கள் நால்வரும் புளிசாதம் சாப்பிட்டோம்.

அன்று சாப்பிடும்போதுதான் அத்தை விஷயத்தைச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் அவளை நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டும். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன், என் காரணத்துக்காக.

"நல்ல விஷயந்தானே" என்றார் அப்பா, பொட்டலத்தைப் பார்த்தபடி.

பிறகு அத்தை தண்ணீர் பிடிக்கப் போனபோது அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வந்துடுன்னு நான் எப்படிச் சொல்றது? எல்லாரும் அவளுக்கு வணக்கம் வெக்கிறான். ராணி மாரி கீறா. நம்மகிட்ட இன்னா கீது?" நான் பக்கத்தில்தான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் அத்தை கேட்டதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள். மாடி ஜன்னலில் ரயில் தெரிகிறதா? கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கிறது? ஒரு நாள் கல் பாலத்தில் நின்று வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டே, தாம்பரத்தில் இப்போது நிறைய ஆஸ்பத்திரி வந்திருக்குமே என்றாள்.

"வந்து கீது. வந்து இன்னா?" என்றார் அப்பா. "டிராஃபிக்கு, தூசி, தண்ணி லாரி வந்தா குடத்தத் தூக்கினு ஓடணும். ஒரே பேஜாரு. நீ இங்க நிம்மதியா கீறம்மா."

"ஆமாண்ணே" என்றாள் அத்தை. மீதி ரொட்டியைப் பிய்க்காமல் அப்படியே தண்ணீரில் போட்டாள். வாத்துகள் அதற்காக அடித்துக்கொண்டதை நான் வேடிக்கை பார்த்தேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊரின் பழைய சர்ச்சுக்குப் போனோம். தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் இடமில்லாமல் வெளியே பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். இங்கே எங்களைச் சேர்த்தே பதினைந்து பேர் தேறவில்லை. ஆராதனை முடிந்து அப்பாவும் அம்மாவும் வெளியே சாய்ந்து கிடந்த கல்லறைகளைப் பார்க்கப் போனார்கள். வாசல் பக்கத்து மேஜையில் ஒரு தடித்த நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. அத்தை அதில் ஏதோ எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தாள். "வெளியூர்லேர்ந்து வர்றவங்க எழுதுற நோட்டு. நீயும் எழுது பாப்பா" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ உள்ளே போனாள்.

பெயர், ஊர், குறிப்பு என்று மூன்று கட்டம். என் பெயரை எழுதி, இரும்புலியூர், தாம்பரம் என்று இங்கிலீஷில் எழுதினேன். அப்புறம்தான் மேல் வரியைப் பார்த்தேன். அத்தையின் பெயர். ஊர்: இரும்புலியூர், தாம்பரம். குறிப்புக் கட்டம் காலி.

பக்கத்தைப் புரட்டினேன். போன ஞாயிறும் அத்தை. அதற்கு முந்தின ஞாயிறும் அத்தை. ஜனவரி வரைக்கும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும், எங்கெங்கிருந்தோ ஒரே ஒரு தடவை வந்து போனவர்களுக்கு நடுவில், அதே பெயர், அதே இரும்புலியூர். குறிப்புக் கட்டத்தில் மட்டும் தமிழ். 'ஒரே பனி.' 'இன்று ஒருவரும் பேசவில்லை.' 'அங்கே நுங்கு வந்திருக்கும்.' அந்த நாளில் அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, எங்களைத் தவிர. போன ஞாயிறு எழுதியிருந்தது இது: 'நாளை அண்ணன் வருகிறார். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.'

எங்கே வா என்று எழுதாததால் அது எனக்கு அரைகுறை வாக்கியமாகப் பட்டது. எங்கள் தமிழ் மிஸ்ஸாக இருந்தால் மார்க் குறைத்திருப்பார். என்னை உறுத்தியது ஊர்க் கட்டம்தான். இது வெளியூர்க்காரர்கள் எழுதும் நோட்டு. அத்தையோ இதே ஊரில் இருப்பவள். இங்கே வீடு, இங்கே வேலை. சர்ச்சில் வைத்துப் பொய் எழுதலாமா?

பேனாவை எடுத்தேன். அன்றைய வரியில் இரும்புலியூரை ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு போட்டு அடித்தேன். சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்து எழுத்து எழுத்தாக அந்தக் கிராமத்தின் பெயரை மேலே எழுதினேன். பிறகு போன வாரம். பிறகு அதற்கு முந்தின வாரம். உண்மைக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அதுதான் பெரிய பொய். ஒவ்வொரு கோட்டுக்கும் மாடி ஜன்னல் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் திறந்துகொண்டே வந்தது.

புடவையில் கையைத் துடைத்தபடி அத்தை வந்து நின்றபோது நான் ஜனவரிக்குப் போயிருந்தேன்.

"நீங்க இந்த ஊருதானே அத்தை? தப்பா எழுதியிருந்தீங்க. எல்லாத்தையும் திருத்திட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அத்தை பக்கம் பக்கமாகப் பார்த்தாள். திட்டவில்லை. நோட்டை மூடி, பேனாவை அதன் மேல் நேராக வைத்தாள். "ஆமாம் பாப்பா. தப்பாத்தான் எழுதிட்டேன்" என்றாள்.

திரும்பும் வழியில், கல் பாலத்துக்கு முன்னால், "அந்த மாடி ரூம் உனக்குப் புடிக்குமா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "இனிமே நீயே வெச்சுக்கோ. அத்த எங்க வரப் போறேன்?" என்றாள். நான் பாலம் முழுக்கக் குதித்துக் குதித்துப் போனேன்.

அத்தை அந்தக் கடிதத்துக்குச் சம்மதம் என்று பதில் எழுதினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நடுவில் இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் மாடியைக் காலி செய்து கொடுத்தேன். ஹாலில்தான் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி, டிவி ஸ்டாண்டுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், நான் படுத்த அதே இடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

இப்போது நான் மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். மாடியறை மறுபடி பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போய்ப் பெருக்குகிறாராம். அம்மா போனில் சொல்வாள். அத்தையின் அந்த ஒரு வரியை நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன், அவர் முகத்தைப் பார்த்ததும் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு வந்துவிடுகிறேன். யாராவது அந்த நோட்டைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால், நான் போட்ட கோடுகளையெல்லாம் உட்கார்ந்து அழிப்பேன். எனக்கு அத்தை வேண்டும் போல இருக்கிறது. அந்தக் கட்டிலில் அவள் கால் நீட்டிப் படுத்து ரயில் சத்தம் கேட்பதை ஒரே ஒரு நாள் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஊர் திரும்பி ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அம்மாவிடம் மாடிச் சாவியைக் கேட்டேன். பெரிய பெட்டியைப் பரணில் போட அப்பா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். எதுக்குடி சாவி என்றார்.

"ரூம் எனக்குத்தாம்பா. இனிமே வரமாட்டேன்னு அத்தையே சொல்லிட்டாங்க."

"அவளே சொன்னாளா?"

"ஆமாப்பா. அவங்க வாயாலே."

அம்மா கொடுத்த சாவியோடு நான் அவரைத் தாண்டி ஓடிக் கதவைத் திறந்தேன். மெத்தையின் மேல் ஏறி நின்று பிளாஸ்டிக் உறையைச் சரசரவென்று கிழித்துப் பந்தாகச் சுருட்டினேன். அதை எறிய வெளியே வந்தபோது அப்பா பாதிப் படியிலேயே பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனமான பெட்டி, மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக் கீழே ஓடிப்போய் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.