படத்தில் வராத காட்சி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதக் காலையில், யாழ்ப்பாணப் பக்கம் பண்டத்தரிப்பில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் படம் பார்த்தால் குறை சொல்லாமல் எழும்பமாட்டேன். அதிலும் செத்தவீட்டுக் காட்சி வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். எங்கள் சனம் இப்படியா அழும் என்று பக்கத்தில் இருப்பவரின் நிம்மதியையும் கெடுத்துவிடுவேன். அதனால்தானோ என்னவோ, குறும்படம் எடுக்க வந்த என் சிநேகிதியின் மகள், செத்தவீட்டுக் காட்சியில் தலைமாட்டில் இருந்து அழும் தங்கச்சியாக என்னையே பிடித்துப் போட்டாள்.

பிணமாகப் படுக்க ஒப்புக்கொண்டவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாற்காரர். இளமையில் நாடகம் நடித்தவர். மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போயிருந்ததால் வீட்டில் தனியாக இருந்தார். படப்பிடிப்புக்குத் தன் வீட்டையே தந்தார். பெடியள் முற்றத்தில் பந்தல் போட்டு, வெள்ளைக் கொடி கட்டி, ஒழுங்கை முகப்பில் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரமும் ஒட்டிவிட்டார்கள். பிரசுரத்தில் இருந்த பெயர் கதையில் வரும் பெயர். முகம் மட்டும் தபாற்காரருடையது. முகத்தைப் பார்த்த ஊர்ச்சனம் பெயரை வாசிக்கவில்லை.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். செத்தவீட்டுப் படலை வாசலில் யாரும் யாரையும் வாங்கோ என்று சொல்வதில்லை. வருபவரும் ஒன்றும் கேட்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே உள்ளே வருவார்கள். அப்படித்தான் வந்தார்கள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்காகச் செத்தவீட்டை வீடியோ எடுப்பது இங்கே வழமை என்பதால் கமெராவையும் யாரும் பொருட்படுத்தவில்லை. இயக்குநர் பிள்ளை, உதவியாளன் கூட்டிவந்த ஆட்கள் என்று நினைத்தாள். அவனோ அவள் ஏற்பாடு செய்த ஆட்கள் என்று நினைத்தான். நான் குனிந்தபடி அழுகையை வரவழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். முன்வீட்டு அக்கா என்னைக் கட்டிப்பிடித்து உண்மையாகவே விம்மியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்தக் காட்சி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று பொறுத்தேன்.

அதற்குள் தபாற்காரரின் தமையன் வந்துவிட்டார்.

அண்ணனும் தம்பியும் பல வருடங்களாகப் பேச்சில்லை. தகப்பன் விட்ட தோட்டத்துப் பங்குக் கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற சண்டை வழக்குவரை போயிருந்தது. ஊருக்கே தெரிந்த இந்தக் கதை, வெளியூரில் இருந்து வந்த அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எழுபது தாண்டிய மனிதர், மருதனார்மடத்திலிருந்து வெயிலில் சைக்கிளில் வந்திருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். பிறகு தம்பியின் காலில் தலையை வைத்தார்.

"தம்பி, கிணறு கிடக்கட்டும். எழும்பி என்னோடை ஒரு வார்த்தை கதையடா."

கமெரா ஓடிக்கொண்டிருந்தது. பிணம் எழும்பினால் இந்த மனிதருக்கு நெஞ்சு அடைத்துவிடுமே, எழும்பாவிட்டால் இது எங்கே போய் முடியும்? தபாற்காரரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிவதை நான் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வாய்க்கட்டுக்குள்ளால் அவர் மெல்லச் சொன்னார்.

"அண்ணை, நான் சாகேல்லை. படம் பிடிக்கினம்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவரைக் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்க்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழும்பிச் சால்வையால் முகத்தைத் துடைத்தார். படலையடியில் நின்று திரும்பி, "போட்டு வாறன்" என்றார். போய்வருகிறேன் என்பது செத்தவீட்டில் யாரும் சொல்லாத சொல்.

கிணற்றுச் சண்டை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. முன்பு சட்டத்தரணிகளை வைத்துச் சண்டை பிடித்தவர்கள் இப்போது நேரே, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பிடிக்கிறார்கள்.

சில நாட்கள் கழித்து அந்தப் பிள்ளை மடிக்கணினியோடு வந்து, பதிவான காட்சியை எனக்குக் காட்டினாள். நான் பார்த்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இதைப் போடலாமா என்று கேட்டாள். என்னையல்ல, அழுதவரைக் கேள் என்றேன். இருவரும் மருதனார்மடம் போனோம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்குப் பிள்ளை. ஆனா நான் அழுதது என்ரை தம்பிக்கு. இதைச் சனம் பாக்கவேண்டாம்."

திரும்பும் வழியில் ஓட்டோவில் அவள் அழுதாள். படம் வெளிநாட்டு விழாக்களுக்குத்தானே போகப்போகிறது, அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று என்னோடு தர்க்கப்பட்டாள். அவள் கோபமும் எனக்கு விளங்கியது. மறுவாரம் டவுனிலிருந்து ஒரு நடிகரை அண்ணனாக நடிக்கக் கொண்டுவந்து அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் படம் திரையிடப்பட்டது. முடிந்ததும் கருத்துச் சொல்ல எழும்பிய ஒருவர், படம் நல்லது, ஆனால் செத்தவீட்டுக் காட்சி மட்டும் பொய், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் சனம் அழுவது எப்படி என்று தெரியாது என்றார். சபை கை தட்டியது. முன்வரிசையில் இருந்த அவள் ஒலிவாங்கியை வாங்கினாள். நடந்ததைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நீங்கள் சொல்வது சரி ஐயா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப இருக்கையில் இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எந்தப் படத்திலாவது ஒரு காட்சி சப்பென்று போனால், குறை சொல்ல வாய் திறப்பதற்கு முன் எனக்கு ஒரு யோசனை வருகிறது: இதைவிட நல்லது ஒன்று இவர்கள் கையில் இருந்திருக்கும், அதை உரியவரிடமே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.