வேல்ஸ் வரைபடமும் எங்கள் வேலியும்

பேராசிரியரின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றின் பழைய வரைபடம் அதை முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது. சுருண்டுவிடாமல் இருக்க, மூலைகளில் ஜாம் போத்தல்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மொன்றியலை அடுத்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மண்ணியல் படிப்பித்து ஓய்வுபெற்ற அவருக்கு நான் பகல்நேரத் துணையாள். இடுப்பு முறிந்தவர், வாசற்படியில் பனி உறைந்தால் வீடே அவருக்குச் சிறை. என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்ததால் எனக்குக் கனடாவே சிறை. ஒரு கைதிக்கு இன்னொரு கைதி தேநீர் ஊற்றினான் என்று இப்போது சிரிக்கலாம். அப்போது மூச்சு முட்டியது.

அவருடைய தாத்தாவின் பண்ணையைத் தாத்தாவின் தமையனே பறித்துக்கொண்டு அவரைத் துரத்திவிட்டாராம். அப்படித்தான் தாத்தா மொன்றியல் துறைமுகத்தில் வந்து இறங்கினாராம். தமையனின் பேரன் வேல்ஸில் உயிரோடிருந்தார். பேராசிரியர் அவரோடு ஒரு சொல் பேசியதில்லை. கண்மூடுவதற்குள் அந்தத் திருட்டை நிரூபித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. காப்பகங்களுக்கு எழுதிப் பிரதிகளை வரவழைத்தார். கண் மங்கிவிட்டதால் உருப்பெருக்கியை வைத்து வாசித்துச் சொல்வது என் வேலை.

அந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. ரொறொன்ரோவில் இருந்த அண்ணையும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊரில் அப்பா தோட்டக் காணியை எங்களுக்குப் பிரித்துத் தந்தார். வேலி அடைக்கும்போதெல்லாம் அண்ணை கதியால் தடிகளைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி நட்டார். கடைசியில் ஒரு சாண் போய்விட்டது. ஊரையே இராணுவம் பிடித்துவைத்திருந்த காலத்தில் நாங்கள் இப்படி முறுகிக்கொண்டிருப்பது என் மனைவிக்குப் பொறுக்காது.

"காணியே ஆமியிட்டை. நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை இருந்து வேலிக்குச் சண்டை பிடிக்கிறியள்!"

"ஆரிட்டை இருந்தாலும் எல்லை எல்லைதான்," என்பேன்.

ஒரு பங்குனியில், எந்த வயல் யாருடையது, யார் பயிர் செய்தது என்று எழுதிய, வரைபடத்துக்குரிய விவரத்தாள் வந்தது. தாத்தாவின் தகப்பன் பெயரைக் கண்டதும் சத்தமாக வாசித்தேன். ஆனால் அது பயிர் செய்தவர் என்ற பத்தியில் இருந்தது. உரிமையாளர் பத்தியில் எல்லா வயலுக்கும் ஒரே பிரபுவின் பெயர். வேல்ஸில் ஆட்களைப் பண்ணையின் பெயர் சேர்த்தே அழைப்பார்களாம். கல்லறையிலும் அப்படியே வெட்டுவார்களாம். பெயரில் பண்ணை இருந்ததால் பண்ணையும் தங்களுடையது என்று குத்தகைக்காரக் குடும்பம் ஒன்று நம்பிவிட்டது.

பேராசிரியர் வேல்ஸில் இருந்த அந்தப் பேரனுக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார். பேச்சு தொடங்கியதுமே மறுமுனைக் கிழவர் கொதித்தார். "நாங்கள் பறித்தோமா? உன் தாத்தாதான் பண்ணையைக் களவாக விற்றுவிட்டுக் கனடாவுக்கு ஓடியவர்!"

நான் விவரத்தாளை வாசித்தேன். பேராசிரியருக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "இந்தக் கோபத்தை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்று கேட்டார். மறுநாளும் மேசைக்கு வந்து அதே தாளை வாசிக்கச் சொன்னார். அதற்கடுத்த நாளும் அதேதான். அடுத்த மாரிக் குளிரில் இறந்துபோனார்.

யாரும் கேட்காத வரைபடத்தை நான் எடுத்துவந்தேன். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எங்கள் காணியை வரையத் தொடங்கினேன். கிணறு, வாய்க்கால், வேலி, கதியால் கதியாலாக. வருடங்கள் போயின. எங்கள் சாப்பாட்டு மேசையில் அது ஜாம் போத்தல்களின் கீழ் விரிந்து கிடக்க, மனைவி மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

ஆமி காணியை விட்டதும் அண்ணை அழைத்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"தம்பி, எல்லாத்தையும் டோசர் போட்டு மட்டமாக்கி வைச்சிருக்கிறாங்களாம். வேலி எதாலை போனது எண்டு உனக்கு ஞாபகமிருக்கே?"

மேசையைப் பார்த்தேன். அந்த ஒரு சாணைச் சிவப்பு மையால் தீட்டியிருந்தேன்.

"மறந்துபோச்சு அண்ணை."

"எனக்கும் மறந்துபோச்சடா," என்றார். எங்கள் வீட்டில் எதையும் மறக்காதவர் அண்ணைதான்.

ஜாம் போத்தல்களை எடுத்தேன். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது. அன்று மத்தியானம் நானும் மனைவியும் மேசையில் இருந்து சாப்பிட்டோம்.